ஆடாமல் விட்ட இரண்டு ஆட்டங்கள்

அன்புள்ள மகனுக்கு என்று எழுதி, முதல் சொல்லை மட்டும் அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. அன்பு எங்கும் ஓடிவிடவில்லை. இந்தக் கடிதம் முடியும்வரை அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கட்டும். நான் கோபமாக இருக்கிறேன். வியாழக்கிழமை காலையிலிருந்து இதே கோபம்தான். உலையில் வைத்த சோறு குழைந்து போனது, பக்கத்து வீட்டு செல்வியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், நீ ஆறு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீ இரண்டே வார்த்தையில் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பாய். உனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் யாரும் மறித்துப் பேச முடியாது.

நம் கால்பந்து கிளப்பின் தலைவராக நீ அந்த மனிதரை நீக்கியது கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லார் முன்னாலும். ஆகவே நானும் எல்லார் முன்னாலும்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்களை செல்வி போட்டோ பிடித்து அதே குரூப்பில் போடுவாள். இதை நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கலாமே அம்மா என்று கேட்பாய். பேசிக்கொண்டிருக்கலாம்தான். கோயம்புத்தூரிலிருந்து கூடலூருக்கு பஸ் ஓடுகிறது. நீயும் அவர் மளிகைக் கடைக்கு நேரில் வந்து பேசியிருக்கலாம்தான்.

நீ போட்ட செய்தியை செல்விதான் எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகு நானே கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். 'கிளப்பின் நலன் கருதி, செயலாளர் பொன்னுசாமி இன்று முதல் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நம் கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக ஆடாமல் தோற்ற அவமானத்துக்கு அவரே பொறுப்பு. அவரது சேவைக்கு நன்றி.' கீழே ஒரு கும்பிடு படம். அதற்குக் கீழே திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் நம் பையன்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் செக்ரட்டரியாக இருந்தவருக்கு நான்கு வரி. நம் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் பெல்ட்டு அறுந்தால் ஒட்டுகிற அறிவிப்பு இதைவிட நீளமாக இருக்கும்.

நான் கால்பந்து தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குரூப்பில் இருக்கிற சின்னப் பையன்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்த டீமின் ஆட்டத்தை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். கொழுந்து எடுத்து, எடை போட்டு, கூடையை வீட்டில் வீசிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவேன். ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ்தான் நம் பக்கத்து ஆட்டம். அதில் கண் சிமிட்டினால் ஒரு கோல் போய்விடும், அதனால் நான் சிமிட்டுவதில்லை. ஒருமுறை தேவாலா மைதானத்தில், வெளியே போகாத பந்தை வெளியே என்று கொடியைத் தூக்கிய லைன்மேன் மேல் குடையை விட்டெறிந்தவளும் நான்தான். பட்டது முதுகில். பத்து நிமிடம் ஆட்டம் நின்றது. செக்ரட்டரி வந்து, அந்த லைன்மேனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, குடையை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "கம்பி வளஞ்சு போச்சுங்க அக்கா, நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க, நிமித்தித் தாறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியை ஆடாமல் விட்டது எனக்கும் வலித்தது. பதினொரு வருடம் கழித்து அரையிறுதி வரை வந்திருந்தோம். நீ ஸ்பான்சர் பிடித்தாய், புது ஜெர்சி வந்தது, எல்லாருக்கும் பூட்ஸ் வந்தது. அதற்கெல்லாம் நான் உன்னைப் பெருமையாகப் பேசினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று காலை என்ன நடந்தது என்பதை நீ குரூப்பில் எழுதவே இல்லை. அதை நான் எழுதுகிறேன். விடிவதற்குச் சற்று முன்னால் நான்காம் லயத்து வரிசை வீட்டு ராசம்மா செத்துப் போனாள். அடுப்பு பற்றவைக்க உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். நீ சின்னவனாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் என்றால் உனக்குச் சோறு போட்டவள். அவளுக்கு ஒரே மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில். நம் டீமில் கோல் காக்கிற கோலி தினேஷ் அவள் தங்கை மகன்.

நம் லயத்து வழக்கம் உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சாவு விழுந்த வீட்டு ஆள் கடப்பாரையைத் தொடக் கூடாது. குழி வெட்டுவதும் பாடை தூக்குவதும் மற்ற வீட்டு இளவட்டங்கள் பொறுப்பு. யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் கூலி கேட்க மாட்டார்கள். ஃபேக்டரியைத் தாண்டி வண்டி போகாது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏறினால்தான் நம் இடுகாடு. எட்டுப் பேர் தூக்கினால் இன்னொரு எட்டுப் பேர் தோள் மாற்ற வேண்டும். கீழே மண் என்று நினைத்து வெட்டினால் இரண்டு அடியில் பாறை. முன்பெல்லாம் நம் லயங்களில் நூறு இளவட்டம் இருந்தார்கள். இன்று இருக்கிறவர்கள் யார்? மற்றவர்கள் எல்லாம் உன்னைப் போலக் கீழே இறங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர்தான் உன் டீம். வேறு டீம் வைத்துக் குழி வெட்ட நம்மிடம் ஆள் இல்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணி இருக்கும். ராசம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து நான்தான் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி மாலையோடு வந்தார். ஒப்பாரியை நிறுத்திவிட்டு எழுந்து, அவரை வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "என்னாங்க செக்ரட்டரி, ஏழு பேர மட்டும் மேட்சுக்கு அனுப்பிருங்க. மிச்சம் அஞ்சு பேரும் கெழவனுங்களும் சேந்து வெட்டட்டும். ராசம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா." இதைச் சொன்னது நான். முப்பத்தொரு வருடச் சிநேகிதியின் பிணம் உள்ளே கிடக்கும்போது சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஏனுங்க அக்கா, தினேசு கோலிங்க. அவன் பெரியம்மா செத்துக் கெடக்கறப்ப அவன எப்படிங்க போஸ்ட்டுல நிறுத்தறது? அவனில்லாம பதினோரு பேரு. அதுல ஏழு பேரு போயிட்டா மண்ணு யாருங்க வெட்டறது? உங்களுக்கு முட்டி வலி, எனக்கு மூச்சு வாங்குது" என்றார். அப்புறம் ஃபேக்டரி பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா? நானும் பதினோரு வருசமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார். நான் உள்ளே போய் மறுபடி ராசம்மா கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

அவர் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து மறுநாள் ஆடுகிறோம் என்று கெஞ்சினார். மறுநாள் வேலை நாள், காலையில் பெரட்டில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஆனாலும் எல்லாருக்கும் லீவு நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உனக்கும் போன் செய்தார். நீ அதற்குள் கூடலூர் மைதானத்துக்கு வந்துவிட்டாய், ஸ்பான்சரையும் அவர் குடும்பத்தையும் கேலரியில் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாய். அவர்கள் முன்னால் உனக்கு அவமானமாக இருந்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கிருந்து நம் லயம் முக்கால் மணி நேரப் பயணம். உனக்குச் சோறு போட்டவளை எடுப்பதற்கு முன்னால் நீ வந்து முகம் பார்த்திருக்கலாம். நீ வரவில்லை. நான்கு மணிக்கு எதிர் டீம் காலியான கோலுக்குள் ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஜெயித்ததாக அறிவித்தார்களாம். அதே நான்கு மணிக்கு நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பையன்கள் திரும்பி வரும்போது கையெல்லாம் கொப்புளம். பாறையை உடைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று என்றான் தினேஷின் கூட்டாளி ஒருவன். தோற்றதைப் பற்றி அவர்களில் ஒருவரும் பேசவில்லை. குளித்துவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை நீங்கள் கமிட்டிக்காரர்கள் வீடியோ காலில் கூட்டம் போட்டீர்கள். அதில் அவரையும் உட்கார வைத்து விசாரித்தீர்கள். விசாரித்தவர்களில் ஒருவன்கூட இன்று தோட்டத்தில் வேலை செய்கிறவன் இல்லை. புரொஃபஷனலாக இருக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். சரி, இரு. ஒரு மனிதரைப் புரொஃபஷனலாக நீக்குவது எப்படி என்றாவது உன் ஆபீஸில் உனக்குச் சொல்லித் தந்திருப்பார்களே? அத்தோடு ஒரு விதியும் போட்டாய். 'போட்டி நாளில் துக்க நிகழ்ச்சி உட்பட எந்தத் தனிப்பட்ட காரணத்துக்காகவும் வீரர்கள் விலகக் கூடாது.' தனிப்பட்ட காரணமாம். ஒரு பெண்ணை மண்ணில் இறக்குவது நம் லயத்தில் என்றைக்கு மகனே தனிப்பட்ட காரணமாக ஆனது? நீ எந்த ஊரில் பிறந்தாய்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது இதற்கெல்லாம்கூட இல்லை. சாவியையும் சாமான்களையும் 'அம்மாவிடம் ஒப்படைத்துவிடவும்' என்று அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாய் பார், அதற்குத்தான். வியாழக்கிழமை மத்தியானம் அந்த மனிதர் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு, மேடு ஏறி, மூச்சு வாங்க நம் வாசலில் வந்து நின்றார். என்னைக் கேட்காமல் என் வீட்டை உன் ஆபீஸ் ஆக்கிவிட்டாய். ஜெர்சிகளைத் துவைத்து, மடித்து, நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தார். அரையிறுதிக்கு யாருமே போடாத ஜெர்சி அது. அதைக்கூட ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"தம்பி இங்க குடுத்துறச் சொல்லிச்சுங்க அக்கா. ரூம்பு சாவி, பந்து நாலு, முட்டிப் பட்டை. காத்தடிக்கற பம்புல வாசரு போயிருச்சுங்க, புதுசா வர்றவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தேத்தண்ணியை நின்றுகொண்டே குடித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கூட்டத்துல எம்மகன் மொத தடவையா ஆடாம தோத்தோம்னு சொன்னப்ப நீங்க ஏன் பேசாம இருந்தீங்க? மொத தடவை எதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். செல்வி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் தம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சொன்னார். "அத்தன பேரு முன்னாடி அதச் சொன்னா அந்தப் பையன் தல குனிஞ்சு போகுமுங்க. அன்னைக்கு நாங்க செஞ்சத இன்னைக்கு என் பதவிக்கோசரம் எடுத்துச் சொல்லிக் காட்டறதுங்களா? அதுக்காங்க செஞ்சோம்? விடுங்க அக்கா." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

உனக்கு ஒன்பது வயது. உன் அப்பா மார்வலி என்று ஃபேக்டரியிலிருந்து பாதி ஷிப்டில் திரும்பி வந்து, படுத்து, மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் பந்தலூரில் இறுதி ஆட்டம். நம் கிளப் இறுதிக்குப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான். செக்ரட்டரி அப்போது பதவிக்கு வந்து சில வருடம் ஆன இளம் ஆள். காலையிலேயே புறப்பட்டுப் போய் மைதானத்தில் பழகிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜீப்புக்கு மாலை கட்டியாகிவிட்டது. பையன்கள் ஜெர்சியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நம் வீட்டில் எழுந்த அழுகுரல் கேட்டு எல்லாரும் இறங்கினார்கள். உன் அப்பாவுக்கும் கால்பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு தோல் பந்துக்குப் பின்னால் இத்தனை கழுதைகள் ஓடுகின்றனவே என்று என்னைக் கேலி செய்கிற மனிதர் அவர். ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அவருக்காக அந்தப் பையன்கள் இறுதி ஆட்டத்தை விட்டார்கள். ஜெர்சி மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே போய் வெட்டினார்கள். திரும்பி வந்தபோது மஞ்சள் ஜெர்சி முழுக்கச் செம்மண். உனக்கு மொட்டை அடித்துக் குடம் தூக்க வைத்தபோது, ஓடையில் நீ வழுக்கி விழாமல் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தவர் பொன்னுசாமி. உனக்கு நினைவில்லை. உனக்கு அன்றைய நினைவு எதுவுமே சரியாக இல்லை என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

ஒரு மாதம் கழித்து நீ என்னிடம் வந்து, "நம்ம டீமு கப்பு எங்கம்மா?" என்று கேட்டாய். நான் பதில் தேடுவதற்குள், "அப்பா செத்ததாலதான் ஆடலையா?" என்று அடுத்த கேள்வி. உன் முகத்தைப் பார்த்தேன். செத்துப் போன அப்பா மேல் உனக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயந்தேன். "இல்ல மகன், அன்னைக்கு அங்க நல்ல மழ. ஆட்டம் நின்னு போச்சு. ரெண்டு டீமும் ஜெயிச்சதா சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த மலையில் எதற்கு வேண்டுமானாலும் மழை மேல் பழி போடலாம், யாரும் மறுத்துக் கேட்க மாட்டார்கள். நீயும் கேட்கவில்லை. பிறகு லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய், என் பிள்ளையிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வருடமே நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். இன்றுவரை இருபத்திரண்டு வருடமாக அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பையன்கள் போட்டுக்கொண்டு போய் வெட்டிய ஜெர்சியின் கறையை நீ பார்த்ததே இல்லை.

போன வருடம் கிளப்பின் வெள்ளிவிழாவுக்கு நீ ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்து அனுப்பினாய். அதில் கிளப் வரலாறு என்று பட்டியல் போட்டு, அந்த வருடத்துக்கு நேரே 'இணை சாம்பியன்' என்று போட்டிருந்தாய். ஏணியில் ஏறி அதைக் கட்டியவர் செக்ரட்டரிதான். அந்த வரியைப் படித்தார். கீழே நின்ற என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். எனக்கு அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. விழா நேரத்தில் எதற்கு என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் தீபாவளி வந்தது, அப்புறம் உனக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது, தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். நான் சொல்லியிருந்தால் நீ அந்த நான்கு வரியை எழுதியிருக்க மாட்டாய். ஆகவே இந்த அநியாயத்தில் பாதி என்னுடையது. மிச்சப் பாதியை நான் சுமக்க மாட்டேன். ஏனென்றால் உன் அப்பா கதை தெரியாவிட்டாலும், ராசம்மா செத்தது உனக்குத் தெரியும்.

உனக்குக் கெட்ட மனது இல்லை. இந்தக் கோபத்திலும் அதைச் சொல்கிறேன். கிளப் வளர வேண்டும், நம் பையன்கள் மலப்புரம் மைதானங்களில் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். எனக்கும் அதே ஆசைதான். செக்ரட்டரி ஆள் தேர்வில் தப்பே செய்யாதவர் என்றும் சொல்ல மாட்டேன். பெனால்டி அடிக்கத் தெரியாத ஆளை இரண்டு சீசன் பெனால்டி அடிக்க விட்டவர் அவர். அதற்காக அவர் கடைக்கே போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அவர் செய்த வேலை எதுவென்று உனக்குத் தெரியவில்லை. ஆள் எடுப்பதும் ஆடவைப்பதும் மட்டும் வேலை என்று நினைத்துவிட்டாய். கொழுந்து மும்முரமாக வரும் மாதத்தில் எஸ்டேட் ஆபீசில் போய் நின்று, துரை கையெழுத்துப் போடும்வரை நகராமல் லீவு வாங்கியது யார்? ஒருவனுக்குப் பதில் அவன் அண்ணனைப் பெரட்டுக்கு அனுப்பி, இவனை மைதானத்துக்குக் கூட்டிப் போனது யார்? கால் உடைந்தவன் வீட்டில் போய் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் திட்டு வாங்கியது யார்? லயத்துப் பையன்கள் அவர் சொன்னால் கேட்பது புது பூட்ஸுக்காக இல்லை. தங்கள் வீட்டில் ஒன்று என்றால் இவர் ஆட்டத்தை நிறுத்துவார் என்று அவர்களுக்குத் தெரியும். இனி உன்னை நம்பி யார் ஆடுவார்கள்? தினேஷ் நேற்று வந்து கையுறையை இங்கே வைத்துவிட்டுப் போய்விட்டான். உனக்கு இப்போது கோலியும் இல்லை.

அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று சொல்லத்தான் போகிறேன். யாரையாவது வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்தால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் செய்கிற காரியம் சரியில்லை என்று அர்த்தம். என்னை ஒருமுறை கங்காணி, எடை குறைவு என்று பத்துப் பேர் முன்னால் மலையிலிருந்து இறக்கிவிட்டார். அந்த ஆளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார், நானும் திருப்பி இரண்டு வார்த்தை கொடுத்தேன். நீ பொன்னுசாமிக்கு அந்த இரண்டு வார்த்தைக்கும் இடம் வைக்கவில்லை.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் வா. பொன்னாடை, சந்தன மாலை எதுவும் வாங்கி வராதே, அதைப் பார்த்தால் நான் அடுப்பில் போட்டுவிடுவேன். சாவியும் பைகளும் இங்கே என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நீயே தூக்கிக்கொண்டு அவர் கடை வரைக்கும் இறங்கிப் போ. சாமான் வாங்க நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி மன்னிப்புக் கேள். அவர் வேண்டாம் என்பார், விடுங்க தம்பி என்பார், நீ விடாதே. பதவி மறுபடி வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் இஷ்டம். நீ கேட்காமல் இருப்பது உன் இஷ்டம் இல்லை. அங்கிருந்து ராசம்மா வீட்டுக்குப் போ, அவள் மகள் இன்னும் இருக்கிறாள். பிறகு அந்த விதியைக் குரூப்பில் எல்லார் முன்னாலும் அழி. ஸ்பான்சர் போய்விடுவார் என்றால் போகட்டும். வெறுங்காலில் ஆடியும் நாம் இறுதிக்குப் போயிருக்கிறோம்.

முடியாது, விதி விதிதான் என்று உனக்குத் தோன்றினால் இதையும் கேட்டுக்கொள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ராசம்மாவைப் போல நானும் ஒரு நாள் அடுப்படியில் சாய்வேன், அது மேட்ச் நாளாகவும் இருக்கலாம். அப்படியானால் நான் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன், உன் விதிப்படியே நடக்கட்டும். பன்னிரண்டு பேரையும் மைதானத்துக்கு அனுப்பிவிடு. ஜெயித்துவிட்டு வரச் சொல். பெற்ற பிள்ளை கடப்பாரை தொடக் கூடாது என்ற வழக்கத்தையும் உன் கூட்டத்தில் வைத்து மாற்றிக்கொள், நீதான் தலைவர். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி, தனியாக மேலே ஏறிப் போ. இரண்டு அடியில் பாறை வரும். அங்கே நின்று சுற்றிப் பார். ஒரு குழிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று அப்போது உனக்குத் தெரியும்.